ஓடிக்கொண்டிருக்கும் சிறுதொழிலைப் பெரிதாக்க அரசுக் கடனும் மானியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறேன். ஒரே ஒரு செக்கை வைத்து வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது. பிறகு அரசு மானியத்தோடு வங்கிக் கடன் வாங்கி இரண்டு செக்கும், உலர்த்தியும், வடிகட்டியும், பாட்டில் நிரப்பும் மெஷினும் போட்டேன். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வந்து, எண்ணெய் வாங்கிய கையோடு, "ஏனுங்கண்ணா, அந்த லோன் எப்படி வாங்குனீங்க?" என்று கேட்கிறார்கள். மாவு மில் வைத்திருப்பவர், தையல் யூனிட் நடத்தும் அக்கா, முறுக்குச் சுடுகிற தம்பதி என்று எல்லாருமே தொழிலை ஏற்கெனவே நடத்துகிறவர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடக்கிற தொழிலைப் பெரிதாக்க நினைப்பவருக்கு வழி சொல்ல ஆள் குறைவு. அதனால்தான் அவர்கள் கேட்ட கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன். இதில் இருப்பவை தமிழ்நாட்டு நடைமுறைகள். அரசாணைகள் மாறும், திட்டங்களின் காலக்கெடு நீளும் அல்லது முடியும். விண்ணப்பிக்கும் முன்பு மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய நிலவரத்தை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊராட்சியிலோ நகராட்சியிலோ தொழில் கடன் கொடுப்பார்களா?

அவர்கள் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுப்பது வங்கி. மானியம் கொடுப்பது மத்திய அரசு அல்லது மாநில அரசு. இந்த இரண்டையும் இணைக்கிற இடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் மாவட்டத் தொழில் மையம். ஆங்கில எழுத்துகளில் டி.ஐ.சி. என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். பொது மேலாளர் ஒருவர் தலைமையில் அது இயங்குகிறது. உள்ளாட்சி அமைப்பிடம் நமக்கு வேண்டியது தொழில் உரிமமும் சொத்து வரி ரசீதும். அதை லேசாக நினைக்காதீர்கள். வங்கி மேலாளர் இடத்தைப் பார்க்க வரும்போது முதலில் கேட்கும் காகிதமே அதுதான்.

நேரடியாக உள்ளாட்சி வழியாகவே வரும் கடன் ஒன்று உண்டு. அது தெருவோர வியாபாரிகளுக்கானது. பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கு எந்தத் திட்டத்தில் போகலாம்? பி.எம்.இ.ஜி.பி.யில் 35% மானியம் என்கிறார்களே?

பாதிப் பேர் தடுமாறுகிற இடம் இது. பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் நல்ல திட்டம்தான். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம். கிராமப்புறத்தில் சிறப்புப் பிரிவினருக்கு 35%, நகரத்தில் 25%. பொதுப் பிரிவினருக்கு முறையே 25%, 15%. பெண்கள், பட்டியல் இனத்தவர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் சிறப்புப் பிரிவில் வருவதால், நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உயர்ந்த விகிதம் கிடைக்கும்.

ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கும் யூனிட்டுக்கும், வேறொரு அரசு மானியம் வாங்கிய யூனிட்டுக்கும் முதல் கடன் கிடையாது. இது தெரியாமல் ஆறு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். தொழிலை மறைத்து 'புதுசு' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நேரில் வந்து ஆய்வு செய்வார்கள். உங்கள் பழைய உத்யம் (மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவு) சான்றும் ஜி.எஸ்.டி. கணக்கும் தேதியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பி.எம்.இ.ஜி.பி.யிலோ, சிறுகடன் திட்டமான முத்ராவிலோ முதல் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்து, லாபத்தில் ஓடுகிறவர்களுக்கு அதே திட்டத்தில் இரண்டாம் கடன் உண்டு. உற்பத்திக்கு 1 கோடி வரை, சேவைக்கு 25 லட்சம் வரை, மானியம் 15%. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

நீங்கள் உணவுப் பொருள் செய்கிறவராக இருந்தால், எண்ணெய், மாவு, மசாலா, ஊறுகாய், அப்பளம், முறுக்கு, பேக்கரி எதுவானாலும், பி.எம்.எஃப்.எம்.இ. என்கிற குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். 2020-இல் வந்தது. நடக்கிற தொழிலை முறைப்படுத்தி வளர்ப்பதற்கென்றே வந்தது. தகுதியான திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். கைக்காசு குறைந்தது 10% போட வேண்டும். விண்ணப்பம் முதல் உணவுப் பாதுகாப்பு உரிமம் வரை கூட இருந்து உதவ மாவட்ட வள அலுவலர் என்று ஒருவர் உண்டு. அவருக்கான ஊதியத்தை அரசே கொடுக்கிறது. நீங்கள் தர வேண்டியது இல்லை. நான் போனது இந்த வழியில்தான்.

உணவுத் தொழில் அல்ல என்றால் தமிழக அரசின் முதலீட்டு மானியம் இருக்கிறது. குறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தகுதியான இயந்திர மதிப்பில் 25%. மானியமே இல்லாத, ஆனால் வேகமாகக் கிடைக்கக்கூடிய முத்ராவும் இருக்கிறது. சிசு 50 ஆயிரம் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, தருணை ஒழுங்காகக் கட்டியவருக்கு 20 லட்சம் வரை. 'முத்ரா மானியம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வெறும் கடன்.

வேலைவாய்ப்பற்ற இளைஞர் திட்டமும் நீட்ஸும் எனக்குப் பொருந்துமா?

இரண்டும் தமிழக அரசின் திட்டங்கள், புதுத் தொழிலுக்கு ஆனவை. நீட்ஸ் என்பது புதிய தொழில்முனைவோருக்கான திட்டம். முதலாவதில் 15 லட்சம் வரையான திட்டத்துக்கு 25%, அதிகபட்சம் 3.75 லட்சம். நீட்ஸில் 10 லட்சம் முதல் 5 கோடி வரை, 25%, அதிகபட்சம் 75 லட்சம், அதோடு 3% வட்டி மானியம். படித்த பிள்ளை வீட்டில் இருந்து, தனியாக வேறொரு தொழில் தொடங்க நினைத்தால் பாருங்கள். உங்கள் பழைய யூனிட்டை அதற்குள் நுழைக்க முடியாது.

மானியம் எப்போது கைக்கு வரும்?

கைக்கு வராது. இதைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

பி.எம்.எஃப்.எம்.இ., பி.எம்.இ.ஜி.பி. மாதிரி கடனோடு இணைந்த திட்டங்களில் கடன் முழுவதையும் வங்கி கொடுக்கும். மானியத்தை அரசு வங்கிக்கு அனுப்பும். வங்கி அதை உங்கள் பெயரில் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும். மூன்று வருடம் தொழில் நடந்து, தவணையும் ஒழுங்காகப் போயிருந்தால், அந்தத் தொகையைக் கடனில் வரவு வைப்பார்கள். நடுவில் கணக்கு வாராக்கடனாக மாறினால் மானியம் போய்விடும், கடன் மட்டும் நிற்கும்.

என் கணக்கையே சொல்கிறேன். இயந்திரங்கள் 14 லட்சம். என் கைக்காசு 10%, அதாவது 1.4 லட்சம். வங்கிக் கடன் 12.6 லட்சம். மானியம் 35%, அதாவது 4.9 லட்சம். 11% வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 27,400 ரூபாய் கட்ட வேண்டும். 'மானியம் போகக் கடன் 7.7 லட்சம்தானே, தவணை 17 ஆயிரம் இருக்கும்' என்று நினைத்து இறங்கினால் முதல் ஆண்டே மூச்சு முட்டும். மூன்று வருடம் கட்டிய பிறகு பாக்கி சுமார் 5.88 லட்சம் இருக்கும். அதில் 4.9 லட்சம் கழிந்து 98 ஆயிரம்தான் மிஞ்சும். நான்கு தவணையில் முடிந்துவிடும். ஆக, மானியம் உங்கள் மாதச் சுமையைக் குறைக்கவில்லை; கடைசி இருபது மாதத்தைத் துடைத்துவிடுகிறது. இப்படிப் புரிந்துகொண்டு கடன் வாங்குபவர் தடுமாறுவதில்லை.

பி.எம்.இ.ஜி.பி.யில் ஒதுக்கி வைத்த மானியத்துக்கு ஈடான கடன் பகுதிக்கு வட்டி போடக் கூடாது என்று விதி இருக்கிறது. கணக்கு அறிக்கையை வாங்கி அதைச் சரிபாருங்கள்.

இயந்திரத்துக்குக் கடன் கிடைத்துவிட்டது. சரக்கு வாங்கப் பணம்?

இதை ஒருவர்கூடத் தாமாகக் கேட்பதில்லை. நான்தான் அவர்கள் வாயில் வைக்கிறேன். என்னைக் கீழே தள்ளியது இதுதான்.

எனக்கு மெஷின் வந்து இறங்கியது பங்குனி மாதம். வெயில் ஏறி, களத்தில் தேங்காய் காய்ந்து, கொப்பரை வரத்து கூடுகிற நேரம். அப்போது வாங்கிப் போட்டால்தான் வருடம் முழுக்க விலை கட்டும். புது செக்கு தேக்கு நிறத்தில் பளபளவென்று நிற்கிறது. உலர்த்தி நிற்கிறது. கொப்பரை வாங்கக் கையில் காசு இல்லை. இருந்த சேமிப்பைக் கைக்காசாகப் போட்டாயிற்று, மிச்சத்தை மின் இணைப்பும் கொட்டகையும் தின்றுவிட்டன. வங்கிக்குப் போய்க் கேட்டால், "அப்பவே சேர்த்துக் கேட்டிருக்கோணுங்க, இப்ப புதுசா புரபோசல் போடணும்" என்றார்கள். இரண்டு மாதம் பழைய செக்கு மட்டும் ஓடியது. தவணை தொடங்கும் மாதம் நெருங்கியதும் வேறு வழியில்லாமல் ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 4 லட்சம் வாங்கினேன். மாதம் 12 ஆயிரம், ஐந்து மாதம், 60 ஆயிரம் ரூபாய். அரசு கொடுத்த மானியத்தில் எட்டில் ஒரு பங்கு அப்படியே வட்டிக்காரருக்குப் போனது. இன்றைக்கும் அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் டேர்ம் லோன், அதாவது மெஷினுக்கான தவணைக் கடன், கேட்கும் அதே நாளில் நடைமுறை மூலதனத்துக்குக் கேஷ் கிரெடிட்டும் கேளுங்கள். வங்கியில் சி.சி. என்பார்கள். உங்களுக்கென்று ஒரு வரம்பு போடுவார்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. விற்று வந்த பணத்தைப் போட்டால் வட்டி குறையும்.

எவ்வளவு கேட்கலாம்? சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் விற்பனையில் 25% நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20% வங்கி கொடுக்கலாம், 5% உங்களுடையது. மாதம் மூன்றரை லட்சத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 42 லட்சம், அதில் 20% என்றால் 8.4 லட்சம். இந்த எதிர்பார்ப்பை உங்கள் பழைய விற்பனை தாங்க வேண்டும். இப்போது மாதம் ஒரு லட்சம் விற்கிறவர் நான்கு லட்சம் என்று எழுதினால் எந்த மேலாளரும் நம்பமாட்டார். அதனால்தான் விற்பனைப் பணத்தை வங்கிக் கணக்கின் வழியாக ஓட்டுங்கள் என்று எல்லாரும் சொல்வது. டப்பாவில் போட்டு வைத்த பணம் எந்த அறிக்கையிலும் ஏறாது.

பி.எம்.இ.ஜி.பி.யில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்தத் திட்டத்தில் நடைமுறை மூலதனமும் திட்ட மதிப்புக்குள் வரும், அதற்கும் மானியம் உண்டு. ஆனால் மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது சி.சி. வரம்பை முழுதாகத் தொட்டிருக்க வேண்டும், பயன்பாடு 75%-க்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் அந்த அளவுக்கான மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கடன் குறைவாக எடுப்பது நல்லதுதானே என்று சும்மா விட்டுவிடாதீர்கள்.

சொத்து அடமானம் இல்லாமல் கடன் தருவார்களா?

தர வேண்டும். குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது 2010-இலிருந்தே ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. அதற்கு மேல் போனால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்கிற கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. 2000-இல் மத்திய அரசும், சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து அமைத்தது. நீங்கள் கட்டாவிட்டால் வங்கியின் இழப்பில் பெரும்பகுதியை அது ஈடு செய்யும். அதற்கு வருடாவருடம் சிறிய கட்டணம் உண்டு, அது உங்கள் கணக்கில்தான் பிடிக்கப்படும். வாங்கிய மெஷினும் சரக்கும் வங்கியின் பெயரில் ஈடாக இருக்கும், அது வழக்கம்.

விண்ணப்பத்தோடு, "சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத்தின் கீழ் பரிசீலிக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்பதற்கும் எழுத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சிபில் ஸ்கோர் குறைவாக இருந்தால்?

முதலில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் ஊர் மாவு மில்காரர் ஒருவருக்கு, மச்சினனுக்குப் போட்ட ஜாமீன்தான் தடையாக நின்றது. பைக் கடனில் மூன்று தவணை விட்டிருந்தார் மச்சினன். ஜாமீன் போட்டவரின் அறிக்கையிலும் அது ஏறும் என்பது இவருக்குத் தெரியாது. பாக்கியைக் கட்டி, கடன் கொடுத்த நிறுவனத்திடம் நிலுவை இல்லை என்ற சான்று வாங்கி, சில மாதம் பொறுத்து விண்ணப்பித்தார். கிடைத்தது. செட்டில்மெண்ட் பேசிப் பாதி கட்டி முடிப்பது வேறு, முழுதாகக் கட்டி முடிப்பது வேறு. அறிக்கையில் இரண்டும் ஒன்றாகத் தெரியாது.

மெஷினை இப்போது வாங்கிக்கொண்டு, பிறகு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

வேண்டாம். பி.எம்.எஃப்.எம்.இ., பி.எம்.இ.ஜி.பி. மாதிரியானவை கடனோடு இணைந்த மானியங்கள். வங்கி அனுமதித்து, வங்கியே விற்பவரின் கணக்குக்குப் பணம் அனுப்பி வாங்கியதுதான் கணக்கில் வரும். முன்பணம்கூட அனுமதிக் கடிதம் வருமுன் கொடுக்காதீர்கள்.

திட்ட அறிக்கையை யார் எழுதுவது?

நீங்களே எழுதுங்கள். ஆடிட்டர் கணக்குப் பட்டியலைச் சரிபார்க்கட்டும். தொழில் உங்களுக்குத்தான் தெரியும். நூறு கிலோ கொப்பரை போட்டால் எத்தனை லிட்டர் எண்ணெய், புண்ணாக்கு எத்தனை கிலோ, அதை யார் வாங்குகிறார்கள், கரண்டு எவ்வளவு ஆகிறது, பாட்டில் என்ன விலை என்று என்னிடம் மேலாளர் கேட்டார். புண்ணாக்கு விலையை நான் சட்டென்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடையில் அச்சடித்து வாங்கிய அறிக்கையோடு வருகிறவர் அந்த இடத்தில்தான் திணறுவார். பல அறிக்கைகளில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்பது வங்கிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கொட்டேஷன் குறைந்தது இரண்டு மூன்று இடத்தில் வாங்குங்கள். விலையை ஏற்றி எழுதித் தருகிறேன், மிச்சத்தைக் கையில் தருகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் மெஷின் வாங்காதீர்கள். ஏற்றிய விலைக்கும் சேர்த்து ஐந்து வருடம் வட்டி கட்டப் போவது நீங்கள். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வாடகை இடத்திலும் நடத்தலாம், எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இருந்தால் போதும்.

ஒருவர் 10% கமிஷன் கேட்கிறார், எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். விண்ணப்பம் இணையத்தில் இலவசம். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் பத்து நிமிடம். இடைத்தரகர் யாரையும் நியமிக்கவில்லை என்று பி.எம்.இ.ஜி.பி.யின் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 10 லட்சத்துக்கு 10% என்றால் ஒரு லட்சம். உங்கள் கைக்காசுக்குச் சமம். தட்டச்சு செய்து கொடுத்தவருக்குக் கூலி கொடுப்பது வேறு, அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா பெயரில் போட்டால் மானியம் கூடுமே?

அவர் தொழிலில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். எங்கள் பக்கத்து ஊரில் முறுக்குச் சுடுவது முழுக்க அந்த அக்காதான், ஆனால் உரிமம் கணவர் பெயரில் இருந்தது. மாற்றச் சொன்னேன், அதுதான் நியாயமும்கூட. பெண்களுக்கென்றே தமிழக அரசின் திட்டமும் இருக்கிறது, 10 லட்சம் வரையான திட்டத்துக்கு 25%, அதிகபட்சம் 2 லட்சம் மானியம். ஆனால் தொழிலைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனைவியைக் கையெழுத்துக்கு மட்டும் கூட்டிப் போனால், கடனுக்கும் வழக்குக்கும் பொறுப்பாகப் போவது அந்தப் பெண்தான். அதை யோசியுங்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் ஒரு குடும்பத்தில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான்.

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குத் தனித் திட்டம் உண்டா?

உண்டு. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. 35% மூலதன மானியம், அதிகபட்சம் 1.5 கோடி, அதோடு 6% வட்டி மானியம். படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை. நடக்கிற தொழிலின் விரிவாக்கத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. தகுதியுள்ள ஒருவர் வேறு எந்தத் திட்டத்தையும் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் இதைக் கேள்விப்படாத பட்டறைக்காரர்களே அதிகம் என்பது வருத்தமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.

தச்சு, மண்பாண்டம், தையல் மாதிரி கைத்தொழிலுக்கு?

கலைஞர் கைவினைத் திட்டம். 25 தொழில்கள், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், 25% மானியம் அதிகபட்சம் 50 ஆயிரம், 5% வட்டி மானியம்.

தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். எனக்கு என்ன இருக்கிறது?

நகராட்சி, மாநகராட்சி வழியாக வரும் கடன் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். பி.எம். ஸ்வநிதி. கொரோனா காலத்தில், 2020 ஜூனில் தொடங்கியது. முதல் கடன் 10 ஆயிரமாக இருந்ததை 2025-இல் 15 ஆயிரமாக்கினார்கள். அதைக் கட்டினால் 25 ஆயிரம், அதையும் கட்டினால் 50 ஆயிரம். காலத்தில் கட்டினால் 7% வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வரும். விற்பனைச் சான்றோ அடையாள அட்டையோ இருக்க வேண்டும். இல்லாதவர்கள் நகராட்சியில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். தொகை சின்னது என்று ஒதுக்க வேண்டாம். மூன்று கடனைச் சரியாகக் கட்டி முடித்த இட்லிக்கடை அம்மாவுக்கு, முத்ரா கேட்டுப் போகும்போது காட்ட ஒரு கடன் வரலாறு இருக்கும்.

வங்கியில் மாதக்கணக்காக இழுக்கிறார்கள். என்ன செய்வது?

மேலாளர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு கிளையில் ஒருவரே பயிர்க்கடன், நகைக்கடன், வசூல் எல்லாம் பார்க்கிறார். ஆனால் உங்கள் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முழு ஆவணங்களோடு கொடுத்தால், 25 லட்சம் வரையான சிறுதொழில் கடனுக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காகிதம் கையில் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளரையும், மாவட்டத்தின் முன்னோடி வங்கி (லீட் பேங்க்) மேலாளரையும் பார்க்கலாம். வங்கியாளர் கூட்டங்களில் நிலுவை விண்ணப்பங்களைக் கணக்கெடுப்பார்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

மறுத்த காரணம் நியாயமாக இருந்தால், கோபப்படாமல் அதைச் சரிசெய்யுங்கள். எனக்கு முதல் வங்கி மறுத்தது. 'விற்பனைக்கு ஆதாரம் போதவில்லை' என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஒரு வருடம் பில் போட்டு விற்று, வேறு வங்கிக்குப் போனேன்.

கடன் தவிர வேறு என்ன சலுகை கேட்கலாம்?

குறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20%, உற்பத்தி தொடங்கியதிலிருந்து 36 மாதத்துக்குத் திரும்பப் பெறலாம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், மின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்களிடம் சரக்கு வாங்கிய பெரிய நிறுவனம் 45 நாளுக்கு மேல் பணம் தராமல் வைத்திருந்தால், உத்யம் பதிவு உள்ளவர் 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்யலாம். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். சரக்கைக் கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும்.

தவணை கட்ட முடியாத மாதம் வந்தால்?

அந்தத் தேதிக்கு முன்பே வங்கிக்குப் போங்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், மானியம் போகும். அதற்குள் போய்ச் சொன்னால் தவணையைத் திருத்தி அமைக்க வழி இருக்கிறது. போனை எடுக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விட மோசம். வெட்கப்பட ஒன்றுமில்லை. மழை பெய்து களம் காயாத வருடத்தில் நானும் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

மூன்று வருடம் முடிந்ததும் மானியம் தானாகக் கடனில் ஏறிவிடுமா?

ஏற வேண்டும். ஆனால் காத்திருக்க வேண்டாம். கடனின் கடைசிப் பகுதி எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டதோ அதிலிருந்து மூன்று வருடம் என்று எண்ணுங்கள், அனுமதிக் கடிதத் தேதியிலிருந்து அல்ல. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இதற்குள் கிளையில் இரண்டு மேலாளர்கள் மாறியிருப்பார்கள், உங்கள் கணக்கில் மானியம் இருப்பதே புதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அனுமதிக் கடிதத்தின் நகல், மானியம் வந்ததற்கான தகவல், தொழில் நடப்பதைக் காட்டும் புகைப்படம், கடைசி ஆறு மாத மின் ரசீது, இவற்றோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நான் கடிதம் கொடுத்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "இருக்குதுங்க சார், 4,90,000" என்றார். இரண்டு வாரத்தில் ஏறியது. மிச்சத்தை நான்கு மாதத்தில் கட்டி முடித்து, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டு, இப்போது அதே கிளையில் நிலக்கடலைக்கு இரண்டாவது சி.சி. வரம்பு கேட்டிருக்கிறேன்.